பீதியைப் பரப்பும் செய்திகளும் பெண்களாகிய நாமும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினம். கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வணக்கத்தலங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தோரில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள். யுத்தம் முடிந்து பத்து ஆண்டுகள் நிறைவதற்கு ஒரு மாதம்கூட இல்லாத வேளை அது. இனியாவது குண்டுச் சத்தம் கேட்காமல் பிள்ளைகளை வளர்க்கலாம் என்று நினைத்திருந்த தாய்மாரின் நெஞ்சில் அன்று மீண்டும் இடி விழுந்தது.

அந்தக் கொடூரத்தைச் செய்தவர்கள் யார், தடுக்கத் தவறியவர்கள் யார் என்பதெல்லாம் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விடயங்கள். இங்கு நாம் பேச விரும்புவது அதற்குப் பின்னர் நடந்ததைப் பற்றி. குண்டு வெடித்தது ஒரு காலைப் பொழுதில். ஆனால் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் கையடக்கத் தொலைபேசியிலும் அது வாரக்கணக்கில் வெடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரண்டாவது வெடிப்பினால் வீடிழந்தவர்களும் தொழிலிழந்தவர்களும் உயிரிழந்தவரும்கூட இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் பட்ட பாடு தனியானது.

முதல் நாட்களின் செய்திகள்

எந்தப் பேரனர்த்தத்திலும் முதலில் வரும் செய்தி முழுமையானதாக இருப்பதில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இறந்தவர்களின் தொகை 359 என அறிவிக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 25ஆம் திகதி சுகாதார அமைச்சு அதனைத் திருத்தி 253 என அறிவித்தது. உடல்கள் மிக மோசமாகச் சிதைந்திருந்ததால் எண்ணிக்கையில் தவறு ஏற்பட்டிருந்தது. அரசாங்கத்தின் எண்ணிக்கையே நூறுக்கு மேல் பிழைத்ததென்றால், யாரென்றே தெரியாத ஒருவர் கைத்தொலைபேசியில் அனுப்பும் செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதே 25ஆம் திகதி தேடப்படுவோர் எனப் பொலிஸார் வெளியிட்ட படங்களில் ஒன்று, அமெரிக்காவில் வாழும் ஓர் இளம் முஸ்லிம் பெண்ணின் படம். தாக்குதலுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. பொலிஸார் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினர். ஆனால் அதற்கிடையில் அந்தப் படம் பல நாடுகளுக்குப் போய்விட்டது; அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்களும் வந்துவிட்டன. புர்கா அணிந்த ஓர் ஆண் கைதாகும் காணொளியும் பரவியது. அது 2018ஆம் ஆண்டில் நடந்த, குண்டுத் தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத ஒரு சம்பவம். ஆனால் அதைப் பார்த்தவர்கள் அடுத்த நாள் பேருந்தில் முகம் மூடிய ஒரு பெண்ணைக் கண்டபோது என்ன நினைத்திருப்பார்கள்?

தாக்குதல் நடந்த அன்றே முகநூல், வட்ஸ்அப் போன்றவற்றை அரசாங்கம் முடக்கியது. அந்தத் தடை ஏப்ரல் 30ஆம் திகதி வரை நீடித்தது. ஆயினும் வதந்திக்கு வட்ஸ்அப் அவசியமில்லை, ஒரு வாயும் ஒரு காதும் போதும். தேடுதல்களின்போது கைப்பற்றப்பட்ட வாள்களையும் கத்திகளையும் தொலைக்காட்சிகள் நாளெல்லாம் காட்டின. மே 6ஆம் திகதி ஆறாம் வகுப்பிலிருந்து மேல் வகுப்புகளுக்குப் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது பிள்ளைகளின் வரவு மிகக் குறைவாகவே இருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பைகளைப் பெற்றோர் தேடி வாங்கினார்கள்.

பயப்பட்டதில் பிழையில்லை. பிள்ளை பெற்றவள் பயப்படத்தான் செய்வாள். ஆனால் அந்தப் பயத்தை யார் வளர்த்தார்கள், யார் மீது திருப்பிவிட்டார்கள் என்பதுதான் கேள்வி.

பயம் வன்முறையாக மாறியபோது

மே மாதம் 12ஆம் திகதி சிலாபத்தில் முகநூலில் எழுதப்பட்ட ஒரு சிறு வாசகம் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு அங்கு கலவரம் மூண்டது. மறுநாள் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் பல ஊர்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். தேவாலயக் குண்டில் கணவரை இழந்த பெண்ணுக்கும், இந்தக் கலவரத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கும் கண்ணீரில் என்ன வித்தியாசம்?

நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் அதிகமான பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வீடுகளை விட்டு விரட்டப்பட்டனர். அவர்களில் அநேகர் தங்கள் நாடுகளில் இதே தீவிரவாதத்துக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள். அஹ்மதியா பிரிவினரும் கிறிஸ்தவர்களும் அவர்களுக்குள் இருந்தனர். கைக்குழந்தைகளோடு பெண்கள் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்துறங்கினர். ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பூந்தோட்டம் என்ற பெயரைக் கேட்டதும் முகாம் வாழ்வை நினைக்காத வன்னிப் பெண் எவரும் இருக்க மாட்டார்.

ஒரு தலைப்புச் செய்தி செய்த வேலை

2019 மே 23ஆம் திகதி ‘திவயின’ சிங்களப் பத்திரிகையின் முதற் பக்கத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் நாலாயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாருக்குச் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்ற செய்தி வெளியானது. அதற்கு அடுத்த நாள் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். தொலைக்காட்சிகள் இரவு பகலாக அதையே பேசின. அவரிடம் பிரசவம் பார்த்த நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வரிசையில் நின்றார்கள்.

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை செய்து, அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி வைத்தியர் பிணையில் விடுதலையானார். 2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கி வைத்தியசாலைகளில் மருந்தில்லாமல் தவித்தபோது, தமக்குக் கிடைத்த 26 இலட்சம் ரூபாவுக்கும் அதிகமான நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்குவதற்கென அவர் திருப்பிக் கொடுத்தார்.

வைத்தியருக்கு நேர்ந்தது ஒரு புறமிருக்க, அந்த வரிசையில் நின்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது பிள்ளை தங்கவில்லையே என்று ஏற்கெனவே ஏங்கிக்கொண்டிருந்தவள், மாமியாரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள், ‘என் உடம்பில் எனக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்டார்கள்’ என்ற சந்தேகத்தோடு வீடு திரும்புகிறாள். பத்திரிகைக்கு அது ஒரு நாள் தலைப்பு. அவளுக்கோ பல வருட உறக்கம் கெட்ட கதை. பெண்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வந்த அந்தச் செய்தி பெண்களுக்குத்தான் முதலில் கெடுதல் செய்தது.

இந்த வதந்திக்கு ஒரு முன்கதையும் உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்று கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் அடுத்த வாரம் திகன எரிந்தது. அந்தக் கலவரத்தில் தனது தளம் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். எரிந்த வீட்டுக்காரருக்கு அந்த மன்னிப்பால் ஓர் ஓடு கூடக் கிடைக்காது.

உடையைப் பார்த்துச் சந்தேகம்

2019 மே மாதம் ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த சட்டையில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மச் சக்கரம் என்று கருதிய பொலிஸார் அவரைக் கைது செய்தனர். இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் மறியலில் இருந்தார். ஒரு சட்டைத் துணிக்காக! அவிசாவளைப் பகுதியிலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஹபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளை உள்ளே விடக்கூடாது என்று பெற்றோர் வழிமறித்தனர். அதுவரை தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியைகள்தான் அவர்கள். அங்கே வாசலை மறித்து நின்றவர்கள் எம்மவர்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிட முடியாது.

ஏனென்றால் இந்தக் கதை எமக்கு நன்றாகத் தெரிந்த கதை. 2006 ஏப்ரலில் கர்ப்பிணி வேடத்தில் சென்ற ஒரு பெண் கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் குண்டை வெடிக்கச் செய்தார். அதன் பிறகு வயிற்றில் பிள்ளையோடு சோதனைச் சாவடியைக் கடந்த தமிழ்ப் பெண்களை எப்படிப் பார்த்தார்கள்? நெற்றியில் பொட்டு, அடையாள அட்டையில் பிறந்த ஊர், வாயில் தமிழ், இவை மூன்றும் போதுமானதாக இருந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், பெண்கள், முதியவர்கள் எனப் பாகுபாடில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது.

இன்னும் பின்னால் போனால் 1983 ஜூலை. அந்தக் கலவரம் தணிந்து வருவதுபோல் தோன்றிய வேளையில், 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை ‘கொழும்புக்குள் புலிகள் வந்துவிட்டார்கள்’ என்று ஒரு வதந்தி பரவியது. பயந்து ஓடிய கூட்டம் சிறிது நேரத்தில் கொல்லும் கூட்டமாக மாறியது. அன்று முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை.

ஒரு கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு அந்தக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும் என்ற நியாயத்தை நாம் அன்று ஏற்கவில்லை. இன்று இன்னொரு பெண்ணிடம் அதே பதிலை நாம் கேட்கலாமா?

உண்மையான பயமும் ஊதிப் பெருப்பித்த பயமும்

2011 ஓகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்ற பேச்சு மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் பரவியதை வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். இருட்டினால் பெண்கள் வெளியே போகவில்லை. ஒரு வீட்டில் நாலைந்து குடும்பங்கள் ஒன்றாகப் படுத்தன. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திச் சென்ற மக்களுக்கும் படையினருக்கும் இடையில் முறுகல் ஏற்பட்டு, அன்றிரவு பலர் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர்.

அந்த நேரத்தில் பெண்கள் சொன்னதெல்லாம் கற்பனை என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஆண் துணை இல்லாத வீடுகள், கதவு பூட்ட முடியாத தறப்பாள் கொட்டில்கள், ஊர் முழுக்க முகாம்கள். அப்படியான இடத்தில் பயம் வருவதற்குப் பூதம் தேவையில்லை. ஆனால் செய்திகள் அதைப் பூதமாகவும் மர்மமாகவும் எழுத எழுத, கேட்க வேண்டிய கேள்விகள் காணாமற் போயின. யார் வந்தது? முறைப்பாட்டைப் பொலிஸார் பதிந்தார்களா? வீதிக்கு ஏன் வெளிச்சம் இல்லை? பரபரப்புச் செய்தியின் பெரிய தீமை இதுதான். அது இல்லாத ஆபத்தைப் பெரிதாக்குவதோடு, இருக்கிற ஆபத்தையும் கேலிப்பொருளாக்கிவிடுகிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதால் என்ன நடக்கிறது?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மரதன் ஓட்டப் போட்டியின்போது குண்டு வெடித்தது. அதன் பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 4,700 பேரிடம் ஓர் ஆய்வு செய்தனர். குண்டு வெடித்த பின்வந்த வாரத்தில் தினமும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அது பற்றிய செய்திகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த இடத்திலேயே இருந்தவர்களை விடவும் அதிகமான மனநெருக்கீடு காணப்பட்டது. முன்னர் இப்படியான துயரங்களுக்கு ஆளானவர்களையும் நேரில் அல்லது செய்தியில் கண்டவர்களையும் புதிய சம்பவம் கூடுதலாகத் தாக்கியது என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டனர்.

இதை எமது நிலையில் வைத்துப் பாருங்கள். செல்லடியையும் பங்கரையும் முள்ளிவாய்க்காலையும் கடந்து வந்த ஒருத்தி தொலைக்காட்சியில் இரத்தத்தைப் பார்க்கும்போது அவள் பார்ப்பது கொச்சிக்கடையை மட்டுமல்ல. நெஞ்சு படபடக்கும், கை குளிரும், இரவில் தூக்கம் வராது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடும். இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பழைய காயத்தில் மீண்டும் கை படுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கோ இன்னொரு சிக்கல். ஒரே வெடிப்பை இருபது தடவை காட்டினால், இருபது இடத்தில் குண்டு வெடித்ததாகவே சிறு பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாட்கள் எமக்கு உண்டு. நாளுக்கு ஒரு தடவை, அரை மணித்தியாலம். சுற்றுபவரின் கை நோகும் என்பதால் வேண்டியதை மட்டும் கேட்டோம். கேட்டதை ஒழுங்கையில் எல்லோரும் கூடி அலசினோம். இன்று செய்தி எம்மைத் தேடி இருபத்துநான்கு மணித்தியாலமும் வருகிறது. கை நோகாததால் மனம் நோவது தெரிவதில்லை.

செய்தியே வேண்டாம் என்பதல்ல

செய்தியை மறைப்பதும் ஆபத்து என்பதை உயிர்த்த ஞாயிறே காட்டியது. தாக்குதல் நடக்கப்போகிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து இலங்கைப் புலனாய்வுத் துறைக்குக் கிடைத்திருந்தது. மக்களுக்கு எவரும் சொல்லவில்லை. கடமையில் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஏனைய உயர் அதிகாரிகள் நால்வருக்கும் நட்டஈடு விதிக்கப்பட்டது. ஊடகங்களும் வழக்காடியவர்களும் விடாமல் கேள்வி கேட்டிராவிட்டால் இது இந்த அளவுக்கு வந்திருக்குமா? எனவே எமக்குத் தேவை உண்மையைத் தேடும் செய்தி. முந்திக்கொள்வதற்காகவும் விளம்பரக் காசுக்காகவும் பின்னணி இசையோடு பிணத்தைக் காட்டுவது செய்தியல்ல, வியாபாரம்.

வேறு விதமாகவும் செய்ய முடியும். 2019 மார்ச் 15ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். கொலையாளி தன் கொலையைத் தானே முகநூலில் நேரடியாக ஒளிபரப்பினான். அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டேர்ன், அவன் பெயரைத் தான் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். அந்நாட்டின் ஐந்து பிரதான ஊடக நிறுவனங்கள், வழக்குச் செய்திகளில் அவனது கொள்கையைப் பரப்ப இடம் கொடுப்பதில்லை எனத் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன.

நாம் என்ன செய்யலாம்?

1. முதல் 24 மணித்தியாலத்தில் வரும் எண்ணிக்கையையும் பெயரையும் படத்தையும் முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். திருத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

2. வட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் சொன்னது யார்? எப்போது, எங்கே எடுத்த படம்? இதனால் யாருக்காவது அடி விழுமா? பதில் தெரியாவிட்டால் அது உங்கள் கையோடு நிற்கட்டும்.

3. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை செய்தி போதும். படுக்கப் போகுமுன் வேண்டாம். அசையும் படத்தைவிட வானொலியும் பத்திரிகையும் மனதுக்கு இதமானவை.

4. பிள்ளைகள் முன்னால் தொலைக்காட்சியை ஓடவிட்டு வேலை செய்யாதீர்கள். அவர்கள் கேட்டால் மறைக்காமல், சுருக்கமாக, உண்மையைச் சொல்லுங்கள். யார் அவர்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

5. உங்கள் வீட்டில் இழப்பு நேர்ந்திருக்கும்போது கமராவுடன் வருபவருக்குப் பேட்டி கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல. ‘இப்போது முடியாது’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

6. பத்திரிகையில் தவறான அல்லது மனதைப் புண்படுத்தும் செய்தி வந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் இல்லையேல் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே முறையிடலாம். மாதர் சங்கமாகச் சேர்ந்து எழுதினால் கூடுதல் பலன் உண்டு.

7. பயமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

8. சந்தேகம் வளரும் நாட்களில் பக்கத்து ஊர்ப் பெண்களோடு பேச்சை நிறுத்தாதீர்கள். மட்டக்களப்பில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் மாறி மாறி இருக்கின்றன. நெல்லும் மீனும் பாயும் துணியும் கைமாறியே இரண்டு பக்கத்து அடுப்பும் எரிகிறது. ‘அவர்கள் கடைக்குப் போகாதே’ என்ற துண்டுப்பிரசுரத்தை எழுதியவர் எவராயினும், எங்கள் வீட்டு அரிசிப் பானையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

சகோதரிகளே, வதந்தி பெரும்பாலும் கிணற்றடியிலும் சந்தையிலும் குசினியிலும் வைத்தே கைமாறுகிறது என்று எம்மைக் குறை சொல்வார்கள். அது உண்மையானால், அதை நிறுத்தக்கூடிய இடமும் அவைதான். அடுத்த முறை ஒருத்தி வந்து ‘கேட்டியா சங்கதி?’ என்று தொடங்கும்போது, ‘உனக்கு யார் அக்கா சொன்னது?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். செலவில்லாத கேள்வி அது. ஆனால் அந்தக் கேள்வியால் ஒரு கடை எரியாமல் தப்பலாம், ஒரு வீட்டுப் பிள்ளைகள் தகப்பனோடு தூங்கலாம்.